கொளஞ்சியப்பனுக்கு மட்டும் கேட்காத மருந்து

நைனார்பாளையத்தில் பொழுது சாய்ந்த பிறகு கொளஞ்சியப்பன் பேசுவதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. "அவரு சாயந்திரம் ஆச்சின்னா அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். பகலில் அவரைவிட அடக்கமான ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. சொந்தமாகக் கையகல நிலம் இல்லை. கரும்பு வெட்டு, மரவள்ளிக்கிழங்கு பிடுங்குவது, தை மாசியில் மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். நிலக்காரர்கள் எது சொன்னாலும் தலையை ஆட்டுவார். பதில் பேசமாட்டார். பேசாத பதில்களை எல்லாம் சாயந்திரத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பார்.

அம்சவள்ளியின் டீக்கடைதான் அவருடைய மேடை. ஒருநாள் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அம்சவள்ளி, இதுல டீத்தூள் போட்டியா, இல்ல தூள் பாக்கெட்ட எட்ட இருந்து காட்டிட்டு எடுத்து வெச்சிட்டியா?"

கடை சிரித்தது. அம்சவள்ளியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்னொரு நாள், சோளக் களத்துக்குச் சொந்தக்காரரான செல்லமுத்து மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கியபோது, அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "மொதலாளி, மீசைக்கு மை போட்டா மட்டும் போதாதுங்க. வேர்வையில ஒழுவாத மையா பாத்துப் போடணும். உங்க காலரப் பாருங்க, அடுப்புக்கரி தொடச்ச துணியாட்டம் கீது."

பகலில் இப்படிச் சொல்லியிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்காது. சாயந்திரம் என்பதால் செல்லமுத்துவே சிரித்தார். "இவனுக்கு நல்லா ஏறிப்போச்சி. யாராச்சும் வூட்ல கொண்டு வுடுங்கப்பா" என்றார்.

வீட்டில் கொண்டுபோய் விடுகிற வேலை பழனியுடையது. பழனி அதே மிஷினில் மூட்டை பிடிக்கிற ஆள். இரண்டு பேரும் சேர்ந்து குடிக்கிறவர்கள் என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கொளஞ்சியப்பன் குடியை விட்டு பத்து மாதத்துக்கு மேல் ஆகிறது. பழனிக்கும் அது தெரியாது. மனைவி செல்லியம்மாளுக்கும் தெரியாது.

விட்டதற்குக் காரணம் ஒரு பழைய சட்டை. போன மாசியில் செல்லமுத்துவின் களத்தில் மிஷினுக்குக் கதிர் போட்டுக்கொண்டிருந்தார். டிராக்டரிலிருந்து மிஷினுக்கு ஓடுகிற பெல்ட்டுக்கு மேலே ஒரு தகர மூடி இருக்க வேண்டும். அது கழன்று விழுந்து, செல்லமுத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகிவிட்டிருந்தது. முந்தின நாள் குடித்தது காலையில் கைநடுக்கமாக நின்றது. கதிரை எடுக்கப்போன கை கொஞ்சம் தள்ளிப்போக, சட்டைக் கையைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. ஒரே இழுப்பு. தோள்பட்டை வரைக்கும் சட்டை கிழிந்துபோக, கை மட்டும் இந்தப் பக்கம் நின்றது. சட்டை நைந்து போனதாக இருந்ததால் பிழைத்தார். செல்லியம்மாள் அந்தப் பொங்கலுக்குப் புதுச்சட்டை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டிருந்தார். அந்தச் சண்டையில் அவர் ஜெயித்திருந்தால் கை போயிருக்கும்.

அன்றைக்கே விட வேண்டும் என்று தீர்மானித்தார். ஆனால் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. இதற்கு முன்னால் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு விட்டிருக்கிறார். மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்து விட்டிருக்கிறார். கற்பூரம் அணைவதற்குள் சில சத்தியங்கள் உடைந்திருக்கின்றன. இன்னொரு முறை சொன்னால் செல்லியம்மாள் அழக்கூட மாட்டார், கொட்டாவிதான் விடுவார். ஒரு வருஷம் முழுசாக ஓடட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தார்.

கரும்பு வெட்டில் கூட வேலை செய்த மலைக்காரர் ஒருவர், மலைமேல் கரியாலூரில் மாதம் ஒரு புதன்கிழமை டாக்டர்கள் வந்து குடியை விட மாத்திரை தருகிறார்கள் என்று சொல்லியிருந்தார். கீழே கள்ளக்குறிச்சியிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் நைனார்பாளையத்தில் பாதிப் பேர் கண்ணில் பட்டுவிடுவார். மலையில் யார் பார்க்கப்போகிறார்கள்? பஸ் ஏறினார். அங்கிருந்த டாக்டர் முதலில் நடுக்கம் அடங்க மருந்து கொடுத்தார். பிறகு தினம் ஒன்று என்று ஒரு மாத்திரை. "இதப் போட்டுக்கினு இருந்தா சரக்கு மேல ஆச கொறையும். ஆனா ஒண்ணு, வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்த மாத்திரை சாப்பிடறேன்னு மொதல்ல சொல்லிடணும்" என்றார். கொளஞ்சியப்பன் பகல் நேரத்துப் பழக்கப்படி தலையை ஆட்டினார்.

அதிலிருந்து மாதம் ஒருமுறை "மலைக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்புவார். மலைக்கு எதற்கு என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மலை என்றாலே சாராயம் என்றுதான் ஊருக்கு ஞாபகம். பழனி மட்டும் ஏக்கமாகக் கேட்பார்.

"மச்சான், எனுக்கு ஒரு பாட்டில் கொண்டாயேன்."

"போலீசு கெடுபிடி ஜாஸ்தி மச்சான். அங்கியே ஊத்திக்கினு வந்துட வேண்டியதுதான்."

சாராயத்தை விடுவதற்கான மாத்திரையைச் சாராயத்துக்குப் போகிறவர் மாதிரிப் போய் வாங்கிவந்தார். பட்டாபட்டி டவுசர் பாக்கெட்டில் அட்டையை வைத்துக்கொண்டு, காலையில் பல்விளக்கும்போது ஒன்றை விழுங்கிவிடுவார்.

பழனியோடு ஏரிக்கரையில் உட்காருவதும் நிற்கவில்லை. "நான் ஏற்கெனவே போட்டுட்டேன், இது மேல அத ஊத்தக் கூடாது, நீயே குடி" என்று தன் பங்கைத் தள்ளிவிடுவார். தன் பங்கைத் தருகிற மனுஷனை இந்த உலகத்தில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மூடியில் கொஞ்சம் ஊற்றி அத்தர் தடவுவதுபோலச் சட்டையில் தடவிக்கொள்வார். எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். பழைய பழக்கம் என்பதால் நடை நன்றாகவே வந்தது.

நடிக்கத் தொடங்கியது வெட்கத்தால்தான். ஆனால் சீக்கிரமே அதில் ருசி கண்டுவிட்டார். உண்மையிலேயே குடித்த காலத்தில் நாக்கு குழறும், என்ன சொன்னோம் என்று மறுநாள் நினைவிருக்காது. இப்போது நாக்கு தெளிவு, புத்தி தெளிவு, தண்டனை மட்டும் இல்லை. பெல்ட்டுக்கு மூடி போடாத விஷயத்தை டீக்கடையில் விதவிதமாகச் சொன்னார். "மொதலாளி வூட்டுக் கோழிக்கி மழ ஒழுவக் கூடாது. எங்க கை போனா பரவால்ல. கோழி முட்ட போடுது, நாங்க இன்னா முட்டையா போடறோம்?" என்று கேட்டபோது செல்லமுத்து சிரித்துச் சிரித்து இருமினார். சிரித்தாரே தவிர மூடி வரவில்லை.

வீட்டில் நடந்தது வேறு கதை. குடித்தவர் என்ற பெயரில் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பாத்திரம் கழுவினார். தெளிந்த ஆம்பளை பாத்திரம் கழுவுவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. கருவாட்டுக் குழம்பைப் பற்றி நீளமாகப் பேசினார். ஒருநாள் செல்லியம்மாளின் பாதத்தைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, பித்தவெடிப்பில் விளக்கெண்ணெய் தடவினார்.

"இந்தக் காலோட எத்தினி கொல்லையில களை எடுத்திருக்க நீ" என்றார்.

"இன்னிக்கு எந்தக் கடையில வாங்கின? சரக்கு நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு, போதை தெளிய மோர் கரைத்துக் கொடுத்தார் செல்லியம்மாள். கொளஞ்சியப்பன் அந்த மோரையும் குடித்தார். நன்றாக இருந்தது.

இந்தத் தை மாதம் சோளம் அடிக்கத் தொடங்கியதும் ஊரில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, இருமல் போகவில்லை. களத்துச் சுணையும் தூசியும் சேர்ந்துகொள்ள, கொளஞ்சியப்பனுக்கும் பழனிக்கும் ஒரே மாதிரி வறட்டு இருமல். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். இருமல் மட்டும் இருந்தது. தூக்கம் கெட்ட செல்லியம்மாள் இரண்டு பேரையும் சின்னசேலத்தில் டாக்டர் விஜயலட்சுமியிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "குடிப்பீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா" என்றார் கொளஞ்சியப்பன்.

செல்லியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கூசாமல் பொய் சொல்கிறானே பாவி என்று நினைத்தார். ஆனால் இருமல் நின்றால் போதும் என்பதால் வாய் திறக்கவில்லை.

"வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க."

அதற்குச் செல்லியம்மாள் பலமாகத் தலையாட்டிச் சாட்சி சொன்னார். உண்மையைப் பொய் என்றும் பொய்யை உண்மை என்றும் அந்தம்மா நம்பிக்கொண்டு நின்றார். பழனியும் "குடிக்கறதில்லீங்க" என்றார். அது ஒன்றுதான் கலப்படமில்லாத பொய்.

டாக்டர் கோடீன் கலந்த இருமல் மருந்து எழுதினார். சீட்டு இல்லாமல் கடையில் தரமாட்டார்கள், பூட்டி வைத்திருப்பார்கள், அபின் இனத்து மருந்து, அளவு மீறக் கூடாது, சரக்கோடு சேர்க்கவே கூடாது என்றெல்லாம் சொன்னார். ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில்.

பழனிக்கு அன்று சாயந்திரமே மருந்து கேட்டது. இருமல் பொட்டென்று நின்றது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். சோற்றுத் தட்டில் கை வைத்தபடி தூங்கினார். காலைக்கடன் மட்டும் நின்றுபோய், வயிற்றைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

கொளஞ்சியப்பனுக்குக் கேட்கவே இல்லை. ஒரு வேளை குடித்தார், இரண்டு வேளை குடித்தார். தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. சொன்ன அளவுக்கு மேலேயும் ஒரு மூடி ஊற்றிக்கொண்டார். டப்பாவில் கல் குலுங்கிக்கொண்டே இருந்தது.

"மெடிக்கல்காரன் உனுக்கு மட்டும் தண்ணி கலந்து குட்த்துட்டான்யா" என்றார் செல்லியம்மாள். கடைக்குப் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் கையில் ஆதாரம் வேண்டும் என்று யோசித்து ஒரு காரியம் செய்தார். பழனியின் பாட்டிலை வாங்கிப் புருஷனுக்குக் கொடுத்தார். புருஷனின் பாட்டிலைப் பழனியிடம் கொடுத்தார்.

தண்ணி கலந்த பாட்டில் என்று நினைத்ததைக் குடித்த பழனி, களத்தில் மூட்டை மேல் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கினார். நல்ல பாட்டிலைக் குடித்த கொளஞ்சியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். செல்லியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோளாறு பாட்டிலில் இல்லை, ஆளில் இருக்கிறது என்று புரிந்தது. மறுபடி இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு சின்னசேலம் போனார்.

டாக்டர் விஜயலட்சுமி பாட்டில் மாற்றிய கதையைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தார், பிறகு திட்டினார். இரண்டு பேர் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். பழனியின் கண்மணி கடுகு மாதிரிச் சிறுத்திருந்தது. கொளஞ்சியப்பனின் கண்மணி எப்போதும்போல இருந்தது.

"வெளிக்குப் போறது எப்பிடி?"

"எனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் கொளஞ்சியப்பன். பழனி வயிற்றைத் தடவினார்.

டாக்டர் யோசித்தார். "சில பேருக்குக் கல்லீரல் இந்த மருந்த வேலைக்கு ஆகற மாதிரி மாத்தாது. அவங்களுக்குக் கேக்காது. அது இல்லன்னா, உள்ள வேற ஒரு மருந்து இருந்து இத வேல செய்ய விடாம தடுக்கணும். நெஜமாவே வேற மாத்திரை எதுவும் சாப்பிடலியா?"

"இல்லீங்க."

"அப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன். மூக்கு வழியா குழாய் விட்டு நுரையீரலப் பாக்கட்டும்."

கொளஞ்சியப்பனுக்கு இருமல் வந்தது. அது அடங்கியதும் மனைவியைப் பார்த்து, "செல்லி, நீ போயி வெளிய கொஞ்சம் உக்காரு" என்றார்.

"நான் எதுக்கு உக்காரணும்? இன்னான்னாலும் என் முன்னாடியே சொல்லு."

"பழனியாச்சும்…"

"நான் எங்கியும் போல" என்றார் பழனி, அரைத்தூக்கத்திலும் உறுதியாக.

கொளஞ்சியப்பன் வேட்டியை விலக்கி டவுசர் பாக்கெட்டில் கைவிட்டு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். திருடிய பொருளைத் திருப்பித் தருகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். "நால்ட்ரெக்சோன். இது குடிய விடறதுக்குக் குடுக்கற மாத்திரை ஆச்சே. எத்தன நாளா?"

"போன பங்குனியிலேர்ந்துங்க."

"நடுவுல குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு தொடலீங்க."

செல்லியம்மாள் அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "டாக்டரம்மா, இது யாரப் பத்திப் பேசறீங்க?"

டாக்டர் அவருக்கும் சேர்த்துப் பொறுமையாகச் சொன்னார். "பஸ்ஸில துண்டு போட்டு எடம் புடிப்பாங்க இல்ல? அது மாதிரி வெச்சிக்குங்க. மூளையில சில சீட்டு இருக்கு. இந்த இருமல் மருந்து போயி அங்க உக்காந்தாத்தான் இருமல் அடங்கும். தூக்கம் வர்றது, மலச்சிக்கல் வர்றதெல்லாம்கூட அதே மாதிரி சீட்டுல உக்காந்துதான். இவரு சாப்பிடற மாத்திரை எல்லா சீட்டுலயும் துண்டு போட்டு வெச்சிருக்கு. அதுவா ஒரு வேலையும் செய்யாது, இன்னொருத்தர உக்காரவும் விடாது. நீங்க எவ்வளவு மருந்து ஊத்தினாலும் அது கம்பியப் புடிச்சி நின்னுட்டு எறங்கிப் போயிடும்."

"அப்ப நெறைய ஊத்தினா?"

"அதான் ஆபத்து" என்றார் டாக்டர், சிரிப்பை நிறுத்திவிட்டு. "கேக்கலையேன்னு பாட்டில் பாட்டிலா குடிச்சி, மாத்திரையோட வேகம் எறங்கற நேரத்துல துண்டு நகந்துச்சின்னா, மொத்த மருந்தும் ஒண்ணா ஏறி உக்காரும். மூச்சே அடங்கிடும். ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா நான் இத எழுதியே இருக்க மாட்டேன்."

பிறகு பழனியின் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தார். "உங்களுக்கு நேர்மாறு. உங்களுக்கு யாரும் துண்டு போடல. மேல சரக்கு வேற. அதுவும் மூச்ச மந்தமாக்கும், இதுவும் மந்தமாக்கும். ரெண்டும் ஒரே பக்கமா இழுத்தா தூக்கத்திலியே போயிடுவீங்க."

பழனி முழுசாக விழித்துக்கொண்டார்.

டாக்டர் இரண்டு பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தச் சீட்டுப் பக்கமே போகாத வேறு வகை மருந்து எழுதினார். ஆவி பிடிக்கவும், களத்தில் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளவும் சொன்னார். கிளம்பும்போது கொளஞ்சியப்பனைப் பார்த்து, "பத்து மாசம் சாதாரண விஷயம் இல்ல. இத எதுக்கு மறைக்கறீங்க?" என்று கேட்டார். அவர் அட்டையை எடுத்து மறுபடி டவுசர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் செல்லியம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். பழனிதான் பேசினார். முதலில் சந்தோஷமாகத்தான் தொடங்கினார். பாதி வழியில் ஏதோ ஒன்று மண்டையில் தட்டியது.

"மச்சான், தீபாவளிக்கு அப்புறம் ஏரிக்கரையில என்ன நாயேன்னு சொன்ன இல்ல?"

"எப்ப?"

"தெரியாத மாதிரி கேக்காத. தூங்கற நாயின்னு சொன்ன. குடிச்சிட்டுச் சொல்றான்னு வுட்டுட்டேன். அடப்பாவி, குடிக்காமயாடா சொன்ன?"

பஸ்ஸில் இருந்த நைனார்பாளையத்துக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி ஊருக்குள் நுழைவதற்குள் ஆளாளுக்குத் தங்கள் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு மனிதர் குடியை விட்டால் ஊர் பாராட்டும் என்று நினைப்போம். கொளஞ்சியப்பனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "குடிக்காமயே பேசியிருக்கான்" என்பதுதான் ஊரின் பேச்சாக இருந்தது. மறுநாள் டீக்கடைக்குப் போனால் அம்சவள்ளி டம்ளரை ணங்கென்று வைத்தார். கறுப்பாக, கசாயம் மாதிரி இருந்தது.

"குடிச்சிப் பாத்துச் சொல்லு. இன்னிக்குத் தெளிவாத்தான கீற."

கொளஞ்சியப்பன் ஒரு வாய் குடித்து, கொஞ்சம் யோசித்து, உண்மையைச் சொன்னார். "தூள் ஜாஸ்தியாயிடுச்சி."

அதோடு கொஞ்ச நாளைக்கு அவருக்கு அங்கே டீ கிடையாது.

செல்லமுத்து அவரைக் களத்துக்கு வரச்சொல்லிவிட்டார். பட்டப்பகல். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாய்ந்து நடக்க முடியாது, நாக்கைக் குழற முடியாது. புது மருந்து கேட்டுவிட்டதால் இருமிச் சமாளிக்கவும் வழியில்லை. செல்லமுத்து டிராக்டரை நிறுத்தச் சொன்னார். வேலையாட்கள் சுற்றி நின்றார்கள்.

"ஏண்டா, எம் மீசையப் பத்திப் பேசினியே, அது தெளிவா இருக்கும்போது பேசினதா?"

கொளஞ்சியப்பன் வழக்கம்போலத் தலையைக் குனிந்தார். குனிந்த கண்ணில் பெல்ட் பட்டது.

"ஆமாங்க" என்றார்.

"கோழி முட்ட போடுது, நாங்க போடலன்னு சொன்னது?"

"அதுவும் தெளிவாத்தாங்க."

"இதையெல்லாம் பகல்ல வந்து சொல்றதுக்கு இன்னா?"

"பகல்ல சொன்னா வேல போயிடும்ங்க. சாயந்திரம் சொன்னா சிரிப்பீங்க. நீங்க சிரிக்கறதே பரவால்லன்னு சொல்லிக்கினு இருந்தேன்." தலையை நிமிர்த்தினார். "மீசையப் பத்திப் பேசினது தப்புங்க, மன்னிச்சிக்குங்க. பெல்ட்டப் பத்திப் பேசினது தப்பு இல்லீங்க. மூடி போடற வரைக்கும் நான் இந்த மிஷினுக்குக் கதிர் போட மாட்டேன்."

செல்லமுத்துவின் முகம் சிவந்தது. வேறு ஆளைக் கூப்பிடத் திரும்பினார். அப்போது பழனி, நாய் என்று சொல்லப்பட்ட கோபம் இன்னும் தீராத முகத்தோடு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"நானும் மூட்ட புடிக்கலீங்க. இவன் பெரிய திருடன்தான். ஆனா தெளிவா சொல்றான். இத்தினி நாளா குடிகாரன் பேச்சுன்னு நெனச்சிக்கினு நானும் சிரிச்சிட்டேன்."

இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். களத்தில் கதிர் மலையாகக் குவிந்து கிடந்தது. லாரிக்காரன் சாயந்திரம் வருவதாகச் சொல்லியிருந்தான். அறுவடைக் காலத்தில் மிஷின் ஆட்களைத் தேடிப் பிடிப்பது எப்படிப்பட்ட வேலை என்று செல்லமுத்துவுக்குத் தெரியும். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்தார். அரைமணி நேரத்தில் தகர மூடியோடு திரும்பி வந்தார். கோழி எச்சம் காய்ந்திருந்தது. பின்னாலேயே அவர் மனைவி பெரியநாயகி வீட்டிலிருந்து வந்து, "எங் கோழிங்க வெயில்ல கெடக்குதே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று எல்லாரையும் சேர்த்து ஏசினார். கொளஞ்சியப்பன்தான் மூடியை முறுக்கிக் கட்டினார். அடுத்த வாரம் செல்லமுத்து மீசையை மழித்துவிட்டிருந்தார். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சாயந்திரம்கூடச் சொல்லவில்லை.

செல்லியம்மாள்தான் எதற்கும் மசியவில்லை. சின்னசேலத்திலிருந்து வந்த நாள் முதல் சோறு போடுவார், குழம்பு ஊற்றுவார், பேசமாட்டார். கொளஞ்சியப்பனுக்கு இருமல் இருந்தபோதுகூட வீடு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. ஒரு சாயந்திரம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு மெதுவாக வாசல் பக்கம் நழுவினார்.

"இன்னா, பாத்திரம் யாரு கழுவறது?"

பல நாளுக்குப் பிறகு வந்த குரல். கொளஞ்சியப்பன் திரும்பினார்.

"நான் இன்னிக்குக் குடிக்கலியே செல்லி."

"என்னிக்குக் குடிச்ச? இத்தினி நாளும் குடிக்காமத்தான கழுவின. உக்காந்து கழுவு."

உட்கார்ந்து கழுவினார். செல்லியம்மாள் பக்கத்தில் குந்தி, கழுவினதை வாங்கிக் கவிழ்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எனுக்கு ஏன்யா சொல்லல?" என்று கேட்டார்.

"எத்தினி தடவ சொல்லி ஏமாத்தியிருக்கேன். ஒரு வருசம் ஆவட்டும்னு இருந்தேன்."

"நான் மோர் கரைச்சிக் கரைச்சி கை ஓஞ்சி போனேன். எம் பொழப்பப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினுதான இருந்த?"

"இல்ல செல்லி. மோர் நல்லா இருந்துது."

செல்லியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று கொளஞ்சியப்பனுக்குத் தெரியவில்லை. கையில் இருந்த தட்டைத் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த புதன்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கரியாலூர் போனார்கள். டாக்டர் மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் தொடரச் சொல்லிவிட்டு, பிறகு நிறுத்திப் பார்க்கலாம் என்றார். இருமல் மருந்துக் கதையைக் கேட்டு அவரும் திட்டினார். திட்டு முடிந்த பிறகு திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பக்கத்தில் அருவி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். செல்லியம்மாள் மலையைத் தூரத்திலிருந்து தினமும் பார்த்தவர், மேலே ஏறியது அதுதான் முதல் தடவை. காலை மட்டும் நனைக்கிறேன் என்று போனவர், புடவையோடு அருவிக்குக் கீழே போய் நின்றுவிட்டார். கூப்பிடக் கூப்பிட வரவில்லை. குளிரில் பல் கிட்டுகிறது, ஆனாலும் வரவில்லை. பஸ் போய்விட்டது.

மரவள்ளி ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு லோடு வண்டிக்காரரிடம் கெஞ்சி இடம் பிடித்தார்கள். கொளஞ்சியப்பன் முன்னால் டிரைவர் பக்கத்தில். செல்லியம்மாள் உள்ளே உட்கார மாட்டேன் என்று பின்னால் கிழங்கு மூட்டைகள் மேல் ஏறிக்கொண்டார். ஈரத் தலையை அவிழ்த்துக் காற்றில் விட்டபடி, நடவுக் காலத்தில் பாடுகிற பாட்டை மலை முழுக்கக் கேட்கப் பாடத் தொடங்கினார். வளைவுக்கு வளைவு சத்தம் ஏறிக்கொண்டே போனது. கச்சிராயபாளையம் நெருங்கியபோது டிரைவருக்குத் தாங்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. அக்கா தண்ணி கிண்ணி போட்டுருக்காங்களா?"

"இல்ல தம்பி" என்றார் கொளஞ்சியப்பன். "தண்ணியில நின்னாங்க."